குதிரையின் கண்ணைக் காப்போம்

(மீமிசலில் ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



குதிரையைப் பற்றிப் பேசுவதற்கு இவ்வட்டாரத்தைக் காட்டிலும் ஏற்ற இடம் கிடைப்பது அரிது. நமது வட்டத்தின் தலைமையிடமாகிய ஆவுடையார்கோயிலே பழைய திருப்பெருந்துறை. பாண்டிய மன்னனின் அமைச்சராயிருந்த மாணிக்கவாசகப் பெருமான் குதிரை வாங்குவதற்காகப் பொன்னோடு புறப்பட்டு வந்த இடம் அது. அப்பொன் திருப்பணிக்குச் செலவானதும், இறைவன் நரியைப் பரியாக்கிய திருவிளையாடலும் நாம் அனைவரும் இளமை முதற்கொண்டு கேட்டு வரும் கதையாகும்.

புராணம் ஒருபுறம் இருக்க, பாண்டி நாட்டிற்குக் கடல் வழியாகக் குதிரைகள் வந்திறங்கின என்பது வரலாற்று உண்மை. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்நாட்டைக் கண்டு எழுதிய மார்க்கோ போலோ என்னும் வெனிஸ் நகர வணிகர், இங்குள்ள அரசர்கள் ஆண்டுதோறும் பெரும்பொருள் கொடுத்து ஆயிரக்கணக்கான குதிரைகளை வாங்கினார்கள் என்றும், ஓராண்டு கழிவதற்குள் அவற்றுள் மிகப் பல மடிந்தன என்றும் குறித்துள்ளார். அவற்றைப் பேணும் முறை அறிந்தவர் இல்லாமையே அதற்குக் காரணம் என்பது அவர் கருத்து. பொன் கொடுத்தால் குதிரை வந்துவிடும். அதைக் காக்கும் அறிவு பொன்னோடு வருவதில்லை. அதை நாமே தேடிக்கொள்ள வேண்டும்.

இன்று நம் வட்டாரத்தில் படைக்குதிரை இல்லை. ஆனால் புதுக்கோட்டை, சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்களில் கோயில் திருவிழாக்களிலும் பொங்கல் நாட்களிலும் மாட்டு வண்டிப் பந்தயத்தோடு குதிரை வண்டிப் பந்தயமும் நடைபெறுகின்றது. அதன் பொருட்டு நாட்டுக் குதிரைகளையும் மட்டக் குதிரைகளையும் ஆர்வத்தோடு வளர்ப்போர் நம்மிடையே உள்ளனர். கால் நொண்டினால் உடனே கவனிக்கிறார்கள். வயிற்று வலி கண்டால் இரவென்றும் பாராமல் மருத்துவரைத் தேடி ஓடுகிறார்கள். கண்ணில் நீர் வடிந்தால் மட்டும், "தூசி விழுந்திருக்கும், நாளை சரியாகிவிடும்" என்று இருந்துவிடுகிறார்கள். அந்த ஒரு நாளிலேயே பல குதிரைகளின் பார்வை போய்விடுகிறது. ஆதலின் இன்று கண் ஒன்றைப் பற்றியே பேச விரும்புகிறோம்.

குதிரையின் பார்வை

நிலத்தில் வாழும் விலங்குகளுள் மிகப் பெரிய கண்களை உடையவற்றுள் குதிரையும் ஒன்று. அதன் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் அமைந்திருப்பதால், தலையைத் திருப்பாமலே ஏறக்குறைய 350 பாகை அளவுக்குச் சுற்றிலும் பார்க்க வல்லது. நெற்றிக்கு நேர் முன்னே சிறிதளவும், வாலுக்கு நேர் பின்னே சிறிதளவும் மட்டுமே அதற்குப் புலப்படா. எனவே, ஒரு கண் போன குதிரை ஏறக்குறையப் பாதி உலகத்தை இழந்துவிடுகிறது. அந்தப் பக்கத்தில் வரும் வண்டியும் ஆளும் அதற்குத் தெரியா. திடீரென ஓசை கேட்டால் மிரண்டு மறுபக்கம் பாயும். பந்தயச் சாலையின் இருமருங்கிலும் சிறுவரும் பெரியவரும் நெருங்கி நிற்கிறார்கள். ஆகவே இது குதிரைக்காரரின் சொந்த நட்டம் மட்டுமன்று. ஊராரின் உயிரைப் பற்றியதும் ஆகும்.

இயல்பாக உள்ள சிலவற்றை நோய் என்று எண்ணி மயங்குவாரும் உண்டு. குதிரையின் கண்மணித் துவாரத்தின் மேல் விளிம்பில் கறுப்பு நிறத்தில் சிறு முண்டுகள் தொங்குவதுபோல் காணப்படும். அவை பிறவியிலேயே உள்ளவை, நோயல்ல. இரவில் விளக்கொளி பட்டதும் கண் பச்சையாகவோ நீலமாகவோ பளிச்சிடுவதும் இயல்பே. கண்ணின் உட்புறத்தே ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் ஒன்று இருப்பதால் அவ்வாறு தோன்றுகிறது.

நாள்தோறும் காண வேண்டியவை

தீனி வைக்கும்போது, குதிரையின் முன் நேராக நின்று இரு கண்களையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம். ஒரு நிமிடம் போதும். இரண்டும் ஒரே அளவாகத் திறந்திருக்கின்றனவா? ஒன்றில் மட்டும் நீர் வடிகிறதா? இமை வீங்கியுள்ளதா? மேலிமை மயிர்களையும் கவனியுங்கள். நலமான கண்ணில் அவை ஏறக்குறைய நேராக வெளிநோக்கி நிற்கும். வலி உள்ள கண்ணிலோ அவை கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும். மற்றக் குறிகள் தோன்றுமுன்பே வலியைக் காட்டிக் கொடுக்கும் எளிய அடையாளம் இது.

வடியும் நீரின் நிறத்தையும் பாருங்கள். தெளிந்த நீராயின் உறுத்தல் அல்லது வலி. மஞ்சளாகவோ பச்சையாகவோ கெட்டியாகவோ வடிந்தால் சீழ்க் கிருமிகள் சேர்ந்துள்ளன எனக் கொள்ளலாம். வெளிச்சம் கண்டு கண்ணை இறுக மூடுதல், தொட்டியிலும் தூணிலும் முகத்தைத் தேய்த்தல், ஒரு பக்கமாகவே தலையைத் திருப்பி நடத்தல் ஆகிய யாவும் எச்சரிக்கைகளே.

பார்வை உண்டா என்பதை அறிய ஒரு சோதனை செய்யலாம். ஒரு கண்ணை மறைத்துக்கொண்டு, மற்றக் கண்ணை நோக்கிக் கையை மெல்லக் கொண்டு செல்லுங்கள். பார்வை உள்ள குதிரை இமைக்கும், அல்லது தலையை விலக்கும். கைவீச்சின் காற்று முகத்தில் படலாகாது. காற்றுப் பட்டால் குருட்டுக் கண்ணும் இமைக்கும். இளங்குட்டிகள் பார்வை இருந்தும் இச்சோதனையில் இமைப்பதில்லை என்பதையும் நினைவிற்கொள்க.

கண்ணின் மூலையிலிருந்து எழும் மூன்றாவது இமை ஒன்று குதிரைக்கு உண்டு. கண் வலியிலும் அது மேலே வரும். ஆனால் இரு கண்களிலும் அது பாதி விழியை மறைத்து, காதுகள் விறைத்து, தாடை இறுகி, உடல் மரக்கட்டை போல் நின்றால் அது கண் நோயன்று. இரணஜன்னி என்னும் கொடிய நோயாகும். குளம்பில் ஆணி குத்திய சிறு புண் வழியாகக்கூட அது வரும். ஒரு கணமும் தாமதியாமல் மருத்துவரை அழைத்தல் வேண்டும்.

"பூ விழுந்தது" என்பது என்ன?

கண்ணில் வெண்மை தோன்றினால், "பூ விழுந்துவிட்டது" என்று ஒரே சொல்லால் கூறிவிடுகிறோம். சொல் ஒன்றாயினும் நோய் ஒன்றன்று. வெண்மை கண்ணின் மேற்புறத்துக் கண்ணாடிப் படலத்தில் இருக்கலாம். அதன் பின்னுள்ள நீரில் இருக்கலாம். கண்மணிக்குப் பின்னே உள்ள வில்லையில் புரையாகவும் இருக்கலாம். இம்மூன்றையும் பிரித்தறிவது மிக முக்கியம். ஏனெனில் ஒன்றுக்கு மருந்தாவது மற்றொன்றுக்கு நஞ்சாகும்.

முதலாவது, மேற்படலத்தில் ஏற்படும் புண். இப்படலம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் கனமே உள்ளது. சாட்டை நுனி, வைக்கோல் துரும்பு, மணல், முள் இவற்றுள் எது பட்டாலும் கீறும். நம் கண்மாய்க் கரைகளிலும் சாலையோரங்களிலும் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேல முள்ளை நினைத்துப் பாருங்கள். செடி கொடியால் உண்டாகும் கீறலில் பாக்டீரியாக்களோடு பூஞ்சணமும் புகக்கூடும். வெப்பமும் ஈரமும் மிக்க நாடுகளில் இது மிகுதி. புண் முற்றினால் படலம் கரைந்து ஓரிரு நாட்களிலேயே துளைபட்டுவிடும். அதன் பின் கண்ணைக் காப்பது அரிது.

இரண்டாவது, கண்ணின் உள்ளே தோன்றும் அழற்சி. உலகெங்கும் குதிரைகள் குருடாவதற்குத் தலையாய காரணம் இதுவே. கண் சிவந்து, நீர் வடிந்து, மேற்படலம் நீலம் பாய்ந்து மங்கும். கண்மணித் துவாரம் சுருங்கிவிடும். சில நாட்களில் தணிந்தது போல் தோன்றும். வாரங்களோ மாதங்களோ கழித்து மீண்டும் வரும். நிலவின் வளர்பிறை தேய்பிறையோடு இது வந்து போவதாகப் பண்டைய ஐரோப்பியர் எண்ணியதால், "நிலாக் குருடு" என்று பெயரிட்டனர். நிலவுக்கும் இதற்கும் தொடர்பு இல்லை. எலிக்காய்ச்சலை உண்டாக்கும் லெப்டோஸ்பைரா என்னும் கிருமி இதன் காரணங்களுள் ஒன்று என அறிவியலார் கண்டுள்ளனர். எலி, மாடு முதலியவற்றின் சிறுநீர் கலந்த தேங்கு நீரில் அக்கிருமி வாழும். அது உடலில் புகுந்து பல மாதங்கள் கடந்த பின்னரும் கண்ணைத் தாக்கக்கூடும்.

இங்கேதான் பேராபத்து உள்ளது. உள் அழற்சியைத் தணிக்க ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தை மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள். அது பார்வையைக் காப்பாற்றும். அதே மருந்தை மேற்படலத்தில் புண் உள்ள கண்ணில் விட்டால், புண் ஆறாமல் விரைந்து பரவும், கண்ணே அழியும். வெளிப்பார்வைக்கோ இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும்: மூடிய இமை, வடியும் நீர், மங்கிய விழி! இவற்றைப் பிரித்தறிய மருத்துவர் ஃபுளோரசின் என்னும் சாயத்தை விழியில் இடுவார். புண் இருந்தால் அவ்விடம் பச்சையாக ஒளிரும். இச்சிறு சோதனை செய்யாமல், சென்ற ஆண்டு மீந்த மருந்தையோ, அயலார் கொடுத்த மருந்தையோ, மனிதருக்கு வாங்கிய சொட்டு மருந்தையோ விடுவது கண்ணை வைத்துச் சூதாடுவதற்கு ஒப்பாகும்.

மூன்றாவது, கண்ணில் நெளியும் புழு. வெண்ணூல் போன்ற புழு ஒன்று விழிக்குள் நீந்துவதைக் கண்டு பலர் திகைப்பர். இஃது எங்கிருந்து வந்தது? மாட்டின் வயிற்றறையில் பெரும்பாலும் தீங்கின்றி வாழும் ஒருவகைப் புழுவின் குஞ்சுகளைக் கொசு, மாட்டின் இரத்தத்தோடு உறிஞ்சிக் குதிரைக்குக் கடத்துகிறது. தனக்குரிய இடமல்லாத உடலில் வழிதவறிய புழு சில வேளை கண்ணையும், சில வேளை முதுகுத் தண்டையும் அடைகிறது. தண்டை அடைந்தால் பின்னங்கால்கள் தள்ளாடும். கண்ணில் உள்ள புழுவை மருத்துவர் விழியோரத்தில் சிறு துளையிட்டு வெளியேற்றுவார். மருந்தினால் புழுவை உள்ளேயே கொன்றால், செத்த புழுவே அழற்சியை மிகுவிக்கும். ஆதலால் புழுவைக் கண்ட அன்றே காட்டுதல் நலம்.

இவையன்றிக் கண்ணைத் தாக்கும் பிற நோய்களும் உள. 1880-இல் கிரிஃபித் இவான்ஸ் என்னும் கால்நடை மருத்துவர், அந்நாளைய பஞ்சாபில் குதிரைகளையும் ஒட்டகங்களையும் மாய்த்த சர்ரா நோயின் கிருமியை அவற்றின் இரத்தத்தில் கண்டறிந்தார். இரத்தம் உறிஞ்சும் பெரிய ஈக்களால் பரவும் இந்நோயில் விட்டுவிட்டு வரும் காய்ச்சல், மெலிவு, கால் வீக்கம் ஆகியவற்றோடு கண் மங்குதலும் காணப்படும். இமையின் உட்புறம் வெளுத்திருந்தால் இரத்தக் குறைவையும், மஞ்சளாக இருந்தால் காமாலையையும் ஐயுற வேண்டும். முகத்தில் வெள்ளை நிறமுள்ள குதிரைகளுக்கு, இமையோரத்திலோ மூன்றாவது இமையிலோ செந்நிறமாய்ச் சதை வளர்ந்தால், அது வெயிலினால் தூண்டப்படும் புற்றாக இருக்கலாம். சிறிதாய் இருக்கும்போதே அகற்றினால் கண் பிழைக்கும்.

வைக்கோலை மட்டுமே பல மாதம் தின்னும் குதிரைக்கு மாலைக்கண் வரக்கூடும். அது நிலாக் குருட்டினின்று வேறுபட்டது. உயிர்ச்சத்து 'ஏ' குறைவதால் வருவது. பச்சைப்புல் கிடைக்குமாயின் இக்குறை நேராது. அருகம்புல்லும் குதிரைமசாலும் ஏற்றவை. குதிரையின் பெயரைத் தாங்கிய மசாலைக் குதிரைக்கு இட மறக்கலாகாது!

முதல் மணி நேரத்தில் செய்வன

கண்ணில் கோளாறு கண்டவுடன் வேலையை நிறுத்தி, குதிரையை நிழலான, இருண்ட இடத்தில் கட்டுங்கள். முகத்தைத் தேய்க்க இடந்தராதீர்கள். கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் 9 கிராம் உப்பைக் கரைத்துத் தூய துணியாலோ பஞ்சாலோ இமையோரத்து அழுக்கை மெல்லத் துடைக்கலாம். இமையை வலிந்து திறக்க வேண்டாம். குதிரையின் இமைத் தசை மிக வலியது. அழுத்தித் திறக்க முயன்றால் புண்பட்ட விழி உடைந்துவிடக்கூடும். முள்ளோ துரும்போ குத்தி நின்றால் நீங்களே பிடுங்காதீர்கள். இமை கிழிந்து தொங்கினால் அத்தோலை வெட்டி எறியாதீர்கள். ஈரத் துணியால் மறைத்துக் கொண்டு சென்றால் மருத்துவர் தைத்துப் பொருத்துவார். இமை இல்லாத விழி நாளடைவில் காய்ந்து புண்ணாகும்.

புகையிலைச் சாறு பிழிதல், சுண்ணாம்பு தடவுதல், மயில்துத்தம் இடுதல், கண்ணருகே சூடு வைத்தல் போன்றவற்றை அறவே விலக்க வேண்டும். நம் முன்னோர் குதிரை மருத்துவத்தை அறியாதவர் அல்லர். நகுலன் பெயரால் வழங்கும் அசுவ சாத்திரத்தைத் தஞ்சைச் சரசுவதி மகால் நூலகம் பதிப்பித்துள்ளது. முன்னோரைப் போற்றுவது என்பது கையில் கிடைத்ததை எல்லாம் கண்ணில் பிழிவதன்று.

மருத்துவரிடம் செல்லும்போது எந்த நாள், எந்தக் கண், எவ்வாறு தொடங்கியது, முன்பு வந்ததுண்டா, என்ன மருந்து விட்டீர்கள் என்பவற்றை மறையாமல் சொல்லுங்கள். அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தை நாடுங்கள். 1962 என்னும் எண்ணில் அழைத்து நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியின் உதவியையும் கேட்கலாம். பெரிய சிகிச்சைக்குத் தஞ்சை மாவட்டத்து ஒரத்தநாட்டில் 2012-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி உள்ளது. 1903-இல் நிறுவப்பட்ட சென்னை வேப்பேரிக் கல்லூரியும் உண்டு. மருத்துவர் ஒரு நாளைக்குப் பல முறை மருந்து விடச் சொன்னால், அத்தனை முறையும் விட வேண்டும். கண்ணீர் மருந்தை விரைவில் கழுவிவிடுகிறது. காலையும் மாலையும் விட்டுவிட்டு, "மருந்து கேட்கவில்லை" என்று குறைகூறுதல் தகாது.

வருமுன் காத்தல்

தீனித் தொட்டியைக் கண் மட்டத்துக்கு மேல் கட்டாதீர்கள். துரும்பு கண்ணில் விழும். இலாயத்தில் சிறுநீர் தேங்கி எழும் காரநெடி கண்ணை உறுத்தும். நாள்தோறும் கழுவிக் காற்றோட்டம் தருக. கண்ணின் பக்கவாட்டில் கட்டும் தோல் மறைப்பு விழியில் உராயாதபடி அளவாக இருத்தல் வேண்டும். சரக்கு வண்டியில் ஏற்றிச் செல்லும்போது தலை வெளியே நீண்டு காற்றும் தூசியும் படாதபடி பார்த்துக்கொள்க. முகத்தருகே சாட்டை வீசுவோனைச் சாரதி என்று கூறலாகாது. ஈ மொய்க்கும் காலத்தில் பார்வையை மறைக்காத மெல்லிய வலைத் துணியால் முகமூடி தைத்துக் கட்டலாம். மாட்டுத் தொழுவத்துக்கு ஒட்டியே குதிரையைக் கட்டாமல், இயன்றவரை தள்ளிக் கட்டுவதும், மாலை வேளையில் கொசுவுக்குக் காப்புச் செய்வதும் கண்புழுவைத் தடுக்கும். தவிட்டு மூட்டையையும் கொள்ளு மூட்டையையும் எலி அண்டாதபடி வைத்தல் வேண்டும்.

ஊராட்சியின் பங்கு

ஊராட்சி உறுப்பினர்களுக்குச் சில வேண்டுகோள்கள். சாக்கடையும் தேங்கு நீரும் நீங்கினால் கொசு குறையும். சாணக் குழி முறையாக அமைந்தால் ஈ குறையும். இவை மனிதர் நலத்துக்காக நாம் செய்ய வேண்டிய பணிகளே. குதிரைக்கும் மாட்டுக்கும் அதே பணியால் நன்மை விளைகிறது. மேய்ச்சல் பாதைகளில் சீமைக்கருவேலத்தை அகற்றுங்கள். 1962 என்னும் எண்ணை ஊராட்சி அலுவலகச் சுவரில் எல்லோரும் காண எழுதி வையுங்கள்.

பந்தயம் நடத்தும் விழாக் குழுவினரிடம் ஒரு நிபந்தனையைக் கூறுங்கள். ஓடும் ஒவ்வொரு குதிரையையும் கால்நடை மருத்துவர் முன்னதாகப் பரிசோதிக்க வேண்டும். அப்பரிசோதனையில் இரு கண்களின் பார்வையும் அடங்க வேண்டும். கண் நோயுள்ள குதிரையைப் பந்தயத்துக்கு விடலாகாது. பரிசுக் கோப்பை அடுத்த ஆண்டும் கிடைக்கும். போன கண்ணும் போன உயிரும் மீளா.

பார்வை இழந்த குதிரையைச் சாலையில் விரட்டிவிடும் வழக்கம் எங்கேனும் இருந்தால், அதையும் நிறுத்தல் வேண்டும். வளர்த்த விலங்கைப் பட்டினிக்கும் தாகத்துக்கும் கைவிடுதல் 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும். வலி நீங்கிய குருட்டுக் குதிரை பழகிய கொட்டிலில் அமைதியாக வாழக்கூடியது. தொட்டியையும் கட்டுத்தறியையும் இடம் மாற்றாதீர்கள். அருகே செல்லுமுன் குரல் கொடுங்கள். உங்கள் குரலே அதற்கு வழிகாட்டும்.

அன்பர்களே! 1761-இல் பிரான்சு நாட்டு லியோன் நகரில் உலகின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளி நிறுவப்பெற்றது. அதை நிறுவிய பூர்ழெலா, குதிரையேற்றம் கற்பித்த ஆசிரியர். குதிரையை நன்கு அறிந்தவரே அதன் மருத்துவத்துக்கும் வழி வகுத்தார். நீங்களும் உங்கள் குதிரையை எவரினும் நன்கு அறிந்தவர்கள். நோயின் பெயரைக் கூற வேண்டியது மருத்துவர் பொறுப்பு. நேற்று இருந்த கண் இன்று அவ்வாறு இல்லை என்பதைக் காண்பது உங்கள் பொறுப்பு. கண்டவுடன் நாளை என்று ஒத்திப்போடாமல் அன்றே மருத்துவரை நாடுவீர்களாக.